மூன்று நாள் வைத்த தண்ணீர்

தண்ணீர் விஷயத்தில் எர்மெலிந்தா யாரையும் நம்ப மாட்டாள். கட்டின புருஷன் ஃபிதென்சியோவும் அதில் சேர்த்தி. மெக்ஸிகோ நகரத்துச் சொச்சிமில்கோ கால்வாயில் முப்பத்தொரு வருஷமாகச் சுற்றுலாப் படகு தள்ளுகிறவர் அவர். ஆனாலும் முற்றத்தின் நிழல் மூலையில் வாய் திறந்தபடி நிற்கும் மூன்று நீலத் தொட்டிகள் பக்கம் அவர் கை நீண்டால் போதும், அடுப்படியிலிருந்தே அவள் கண் பின்னால் போகும்.

தொட்டிகள் மூன்றும் பான்ஸோனுக்காக. பான்ஸோன் என்றால் தொந்தியன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், கரும்பச்சை உடம்பு, கழுத்துக்கு இரண்டு பக்கமும் இறகு மாதிரி விரிந்த செவுள்கள், யார் திட்டினாலும் மாறாத ஒரு சிரிப்பு. அஹோலோத்தே என்கிற இந்தப் பிராணி உலகத்தில் வேறெங்கே இருந்தாலும் விருந்தாளிதான். சொந்த ஊர் இந்தக் கால்வாய்தான். ஆனால் கால்வாயில் பிடிப்பது குற்றம். எர்மெலிந்தா அடுத்த தோட்டத்துப் பண்ணையில் முறைப்படி சீட்டோடு வாங்கி வந்தாள்.

அவனுக்கு முன்னால் ஒருவன் இருந்தான். எர்மெலிந்தா சுத்தக்காரி. வந்த ஐந்தாம் நாளே கண்ணாடித் தொட்டியைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரைப் பளிச்சென்று நிரப்பி அவனை உள்ளே விட்டாள். ஒன்பதாம் நாள் அவன் இல்லை. நாம் குடிக்க நல்லது என்று குழாயில் கலக்கிற க்ளோரின் அவனுக்கு விஷம் என்று பண்ணைக்காரர் பிறகுதான் சொன்னார். பல்லி மாதிரி ஒன்றுக்காகவா இப்படி அழுகிறாய் என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியோடு ஒரு மாதம் பேச்சு வார்த்தை கிடையாது. யார் விசாரித்தாலும் எர்மெலிந்தா ஒரே பதில்தான் சொன்னாள்.

“நான்தாங்க கொன்னேன். என் சுத்தத்தாலதான் செத்தான்.”

அன்றிலிருந்து குழாய்த் தண்ணீர் அந்த நீலத் தொட்டிகளில் மூன்று நாள் திறந்து கிடக்காமல் அந்த வீட்டு அஹோலோத்தேயைத் தொட்டதில்லை. அவன் இருக்கிற கண்ணாடித் தொட்டித் தண்ணீரை முழுக்கக் கொட்டுவதும் இல்லை; வாரம் ஒரு தரம் கால் பங்கு மட்டும் மாற்றுவாள். ஊற்றுவதற்கு முன் குனிந்து ஒரு முறை மோந்து பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் படகில் அடுப்பை வைத்துக்கொண்டு பூசணிப்பூ வைத்த சோளத் தோசை விற்கப் போவாள். திரும்பி வந்ததும் சோள மாவில் சேர்த்த சுண்ணாம்பு போகிற வரை வெறும் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டே இருப்பாள். மே மாத வெயிலில் தொட்டியைக் குளிரவைக்க ஐஸ் கட்டின பாட்டில் முதலில் பான்ஸோனுக்குத்தான். ஃபிதென்சியோவின் பீருக்கு மிச்சம் இருந்தால் உண்டு.

போன நவம்பரில் பான்ஸோனின் செவுளில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளைப் பூஞ்சை பிடித்தது. புழுவை மூக்குக்கு நேரே ஆட்டினாலும் வாய் திறக்கவில்லை. எர்மெலிந்தா அவனைத் தனி வாளிக்கு மாற்றி, ஆறப்போட்ட குளிர்ந்த தண்ணீரைத் தினம் புதிதாக ஊற்றினாள். இரண்டாவது சாவையும் தன் கணக்கில் ஏற்ற அவளுக்குத் தெம்பில்லை. பிராணிகளைக் காக்கிற வனத்து அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டாள்: இவன் பிழைத்தால் ஜனவரி பதினேழாம் தேதி, உம்முடைய திருநாளில், மந்திரிக்கக் கோயிலுக்கே கூட்டி வருகிறேன். பதினாறாவது நாள் பான்ஸோன் ஒரு புழுவை லபக்கென்று விழுங்கினான். எர்மெலிந்தா வாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

வேண்டிக்கொண்ட பிறகுதான் சிக்கல் உறைத்தது. பங்குக் கோயில் ஆன்செல்மோ சாமியார் தீர்த்தம் தெளிக்கிறவர் இல்லை; ஊற்றுகிறவர். பூங்கொத்தை வாளியில் முக்கி எடுத்து அவர் வீசினால் கோழிகள் நீச்சல் பழகும். தீர்த்தமோ கோயில் குழாயில் அப்போதுதான் பிடித்ததாக இருக்கும். திருநாளுக்கு முந்தின நாளே போய் விஷயத்தைச் சொன்னாள். சாமியார் சிரித்துவிட்டு, உங்கள் வீட்டுத் தண்ணீரையே கொண்டு வாருங்கள், அதையே மந்திரித்துத் தெளிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

திருநாள் காலையில் ஊரே பிராணிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. கோழிக்குப் பாவாடை, கழுதைக்குத் தொப்பி. எர்மெலிந்தா தலை வாரிக்கொண்டிருக்க, ஃபிதென்சியோ கோயிலுக்குக் கொண்டுபோகிற தண்ணீர்க் கேனை நானே நிரப்புகிறேன் என்று தானாக முன்வந்தார். அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கோயில் முற்றத்தில் நீண்ட வரிசை. பான்ஸோன் தன் தொட்டித் தண்ணீரோடு வாளியில், வாளிக் கைப்பிடியில் ஒரு சிவப்பு ரிப்பன். பக்கத்தில் அவர்கள் வீட்டு நாய் துக்கே, கழுத்தில் சாமந்தி மாலை, பளபளவென்று. சாமியார் நாலு பேருக்கு முன்னால் வந்துவிட்டார். எர்மெலிந்தா கேன் மூடியைத் திறந்து, பழக்க தோஷத்தில் மோந்து பார்த்தாள். நீச்சல் குள வாசனை குப்பென்று வந்தது.

அவள் நாயைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

“யோவ் கிழவா, நாயை எந்தத் தண்ணியில குளிப்பாட்டின?”

ஃபிதென்சியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அது சாமியார் முன்னால் செய்கிற பாவசங்கீர்த்தனம் மாதிரிதான் இருந்தது. காலையில் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்ததாம். நாய்க்கும் திருநாள்தானே என்று மூன்று தொட்டியையும் காலி செய்துவிட்டாராம். அப்புறம் குழாய் பீறிட்டு வரவும், அவளுக்குத் தெரியாமல் நிரப்பி வைத்தாராம்.

“தண்ணி தண்ணிதானே கிழவின்னு நெனச்சேன்.”

பதில் சொல்ல நேரமில்லை. சாமியார் முந்தின நாள் பேசினதை மறந்து எதிரே நின்று, பூங்கொத்தைத் தன் வாளியில் முழுசாக முக்கி, கையைத் தோளுக்கு மேல் தூக்கிவிட்டார். எர்மெலிந்தா பான்ஸோனின் வாளிமேல் அப்படியே கவிழ்ந்தாள். பெரிய கம்பளிச் சால்வையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, அடைகாக்கிற கோழி மாதிரி. வீச்சு முழுக்க அவள் முதுகில் விழுந்தது. சாமியாருக்கும் உற்சாகம், இன்னொன்று போட்டார். வரிசையே சிரித்தது. மந்திரிக்க வந்த மாடு எது என்று யாரோ கேட்டார்கள்.

அவள் எழுந்து முதலில் வாளிக்குள் பார்த்தாள். பான்ஸோன் அதே சிரிப்போடு இருந்தான். ஒரு சொட்டு படவில்லை. நிம்மதி வந்த வேகத்திலேயே பயமும் வந்தது: ஒரு சொட்டுகூடப் படவில்லையே, நேர்ச்சை என்னாவது? அந்தோணியார் தன் பங்கைச் செய்துவிட்டாரே.

மூக்கு நுனியில் சொட்டியதை அவள் புறங்கையால் துடைத்தாள். பிறகு கேனில் இருந்ததைத் தரையில் கொட்டிவிட்டு, சாமியாரின் வாளிக்கு நேரே நீட்டினாள்.

“சாமி, இதுல உப்பு கிப்பு போட்டீங்களா?”

“இல்லம்மா. வெறும் தண்ணிதான்.”

“அப்போ எனக்குக் கொஞ்சம் ஊத்துங்க. வீட்டுல மூணு நாள் திறந்து வெச்சா க்ளோரின் பறந்துடும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மந்திரிச்சதும் கூடவே பறந்துடுமா சாமி?”

ஆன்செல்மோ சாமியார் குருமடத்தில் ஏழு வருஷம் படித்தவர். இதை அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு உண்மையாகவே யோசித்தார்.

“அது பறக்காதும்மா,” என்றார். கேன் நிறைய ஊற்றினார்.

மூன்று நாளும் தீர்த்தம் முற்றத்தில் திறந்து கிடந்தது. ஃபிதென்சியோ படகுக்குப் போகவில்லை. நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். அவள் சொல்லி இல்லை, தானாகவே. துக்கே தாகத்தோடு அந்தப் பக்கம் வந்தபோதெல்லாம் எழுந்து துரத்தினார். இருபதாம் தேதி மதியம் எர்மெலிந்தா குனிந்து மோந்து பார்த்தாள். பிறகு நகர்ந்து, புருஷனையும் மோந்து பார்க்கச் சொன்னாள்.

“ஒண்ணும் வாடை இல்லை,” என்றார் அவர்.

“அப்போ நீயே ஊத்து.”

அந்த வீட்டில் பான்ஸோனுக்கு அவர் தண்ணீர் ஊற்றியது அதுதான் முதல் தடவை. ஊற்றுவதற்கு முன் அவரே குனிந்து இன்னொரு முறை மோந்து பார்த்துக்கொண்டார்.