பயம் எடுக்கும் ஈயம்

ஆடுகள் கோடை மேய்ச்சலுக்கு மலையேறிய அன்று, குபாத் தன் நாலு வயது மகள் பெகிமாயைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு தலைநகரான பிஷ்கெக்கின் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். வலிப்பு வந்ததிலிருந்து குழந்தைக்குப் பேச்சில்லை. எங்கள் மலையூரான நாரினின் பேருந்து நிலையத்துக்கு வந்த அவனுடைய அக்கா சாய்ரகுல் வழியனுப்பவில்லை, ஏசினாள்.

"நாய் குரைச்சுப் பயந்த பிள்ளைக்குக் கார் பேட்டரியையாடா உடைச்சுக் குடுத்தே?"

"பயம் எடுக்குற பாத்மா அக்கா ஈயம் கேட்டாங்க, குடுத்தேன். சின்னதுல நமக்கும் ஊத்தினவங்கதானே?"

"மூடின வீட்டுக்குள்ள பேட்டரியை உருக்கினா வர்ற புகையில பயம் போகாதுடா, வலிப்பு வந்து உசுருதான் போகும்!"

பயந்த குழந்தையின் தலைக்கு மேல் தண்ணீர்க் கிண்ணம் பிடித்து, உருக்கிய ஈயத்தை அதில் ஊற்றுவது எங்கள் வழக்கம். ஈயத்துக்குப் பஞ்சமே இல்லை. மேய்ச்சல்காரர்களின் சூரிய விளக்குக்கான பேட்டரிகள் செத்ததும் ஓடையோரம் வந்து விழும்.

சாய்ரகுல் மலைக்குச் சாமான் ஏற்றும் வேன் ஓட்டுபவள். மறுநாளே நகராட்சி அலுவலகத்துக்குப் போய், செத்த பேட்டரிகளை எங்கே போடுவது என்று கேட்டாள்.

"குழி தோண்டிப் புதைச்சிடுங்கம்மா."

"உங்க கிணத்தடியில புதைக்கட்டுமா?"

அந்தக் கதவை அவள் அறைந்த சத்தம் தெருவரை கேட்டது. பிறகு ஒரு சட்டம் போட்டாள்: செத்த பேட்டரி கீழே வந்தால்தான் மாவு மூட்டை மேலே போகும்.

நெடும்பயணம் முடிந்து ஊர் திரும்பியிருந்த நான் சில நாள் அவளோடு வேனில் போனேன். பேட்டரிகளை உடையாமல் நிமிர்த்தி வைப்பாள். பழைய போன்கள் தனி வாளியில். சமவெளியில் அவற்றை முறையாகப் பிரிக்கும் ஆலைக்கு இலையுதிர் காலத்தில் அனுப்புவாள்.

"என்ன சாய்ரகுல், சீர்வரிசை சேக்குறியா?" என்றான் ஒரு மேய்ப்பன்.

"ஆமா மாப்பிள்ளை. உன் மூட்டையை நீயே தோள்ல தூக்கிட்டு நட."

முணுமுணுத்துக்கொண்டே இரண்டு பேட்டரி கொண்டுவந்தான்.

பாத்மாவின் வாசலிலும் போய் நின்றாள்.

"ஈயம் இல்லாம பயம் எப்படிடீ போகும்?"

"மெழுகு ஊத்துங்க. இனி ஈயம் ஊத்தினா உங்க சட்டியைத் தூக்கி ஆத்துல போட்டுடுவேன்."

குபாத் பிஷ்கெக்கிலேயே தங்கிவிட்டான். அக்கா ஏசியதை அவன் மறக்கவில்லை; அவளுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லியனுப்பவில்லை. பிள்ளை பேசுகிறாளா இல்லையா என்று அவளும் கேட்கவில்லை. மேய்ப்பர்கள் மேல் இன்னும் உரக்கக் கத்தினாள்.

சில வருடங்கள் கழித்து, பிஷ்கெக்கிலிருந்து வந்து, வேனை நிறுத்தி அவள் கேட்ட குரல் செய்தி இது. சொல்லுக்குச் சொல் நீண்ட இடைவெளி:

"அத்தை... என் பொம்மை... பேட்டரி செத்துப்போச்சு. அப்பா... குப்பையில போடச் சொல்றாரு. நான்... மாட்டேன்னுட்டேன். நீ வந்து... அவரை ஏசு."