ஹங்கேரி மாஸ்டருக்கு ஒரு பொன்னாடை

போன வெள்ளிக்கிழமை வேலையிடத்தில் எனக்கு ஒரு பூங்கொத்துத் தந்தார்கள். பெரிய கொத்து. மஞ்சள் ரோசா, இடையிடையே பெயர் தெரியாத வெள்ளைப் பூ, பச்சைக்கு ஏதோ இலை. மேசையில் சின்ன டெனிஷ் கொடி, பணிஸ், வெண்ணெய், சீஸ். எங்கள் மேலாளர் ஒரு பெண், என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் நன்றி சொல்லி, ஒரு பணிஸை விழுங்கி, நேரே உடுப்பு மாற்றும் அறைக்குப் போய் என் லொக்கரைக் காலி செய்யத் தொடங்கினேன்.

சப்பாத்தையும் சோற்றுப் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது கூட வேலை செய்கிற டெனிஷ்காரன் வந்து, என்ன செய்கிறாய் என்று கேட்டான். வீட்டுக்குப் போகிறேன் என்றேன். இருபத்தைந்து வருடம் வேலை செய்ததற்குப் பாராட்டு அது, திங்கட்கிழமை வழமைபோல வரவேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினான். மண்டைக்கு விளங்கியது. வயிற்றுக்கு விளங்கவில்லை.

பூவைக் கண்டு பயப்பட என்னைப் பழக்கியவர் ஒரு ஹங்கேரிக்காரர். கொஞ்சம் பொறுங்கள், சுற்றி வளைத்துத்தான் வருவேன். நேராகப் போக எனக்குத் தெரியாது. நான் உதைத்த பந்துகளும் அப்படித்தான் போயின.

அந்தக் கொத்திலிருந்த இலை லேசாகப் புதினா மணத்தது. ஒரு காலத்தில் நாங்கள் வந்து சேர்ந்த இந்த வைலே நகரம் முழுக்க அந்த மணம்தான். சூயிங்கம் செய்கிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. காற்றுத் திரும்பினால் ஊரே பல் விளக்கிவிட்டு வந்ததுபோல மணக்கும். எங்கள் தமிழ் உதைபந்துக் கழகத் தலைவர் தேவண்ணைக்கு அங்கேதான் வேலை. அவருடைய ஜாக்கெட், அவருடைய கார், அவர் வீட்டு மீன்குழம்பு எல்லாவற்றிலும் பெப்பமின்ற். எங்களுக்குள் நிரந்தர வேலை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது, அதனால் அவர் தலைவர். மற்றவர்கள் எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெடியள். விசாவுக்குக் காத்திருந்தோம். காத்திருப்பது என்றால் ஓரிடத்தில் இருப்பது என்று நினைக்காதீர்கள். ரயில் நிலையம் வரை நடப்போம், போகிற ரயில்களைப் பார்ப்போம், திரும்பி நடப்போம். ஒருத்தன் கனடா என்பான், இன்னொருத்தன் லண்டன் என்பான். கால்கள் ஓரிடத்தில் தரிக்காத காலம். கால்களுக்கு ஏதாவது வேலை கொடுக்கத்தான் பந்து அடித்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

மைதானம் மேட்டில், தொழிற்பேட்டைக்குப் பின்னால். எங்கள் ஆட்டத்தில் ஒரு விசேஷம் இருந்தது. யாழ்ப்பாணத்து நவாலி ஊர்ப் பெடியன் நவாலிப் பெடியனுக்குத்தான் பந்து கொடுப்பான். பாசையூர்க்காரன் பாசையூர்க்காரனுக்கு. எங்களில் ஆகக் கெட்டிக்காரன் மன்னார்ப் பக்கம் பேசாலையிலிருந்து வந்த யூட். பேசாலைக்காரர் வேறு யாரும் இல்லாததால் அவனுக்குப் பந்தே வராது. எதிர்ப்பக்கத்து கோலுக்கு முன்னால் தனியே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான், பஸ் மறிக்கிறவன் மாதிரி. நான் அளவெட்டி. நானும் தனியாள்தான். அதனால் கோல் காக்கப் போனேன். அங்கே நம்முடைய ஆட்கள் பந்து தரவேண்டியதில்லை, எதிரிகள் தாராளமாகத் தருவார்கள்.

ஒரு சனிக்கிழமை, கோட்டுக்கு வெளியே பைப் புகைத்துக்கொண்டு நின்ற கிழவர் ஒருவர் ஆட்டத்துக்கு நடுவில் உள்ளே வந்து பந்தைக் காலால் அமத்திப் பிடித்தார். எழுபது தாண்டியவர். கட்டை, வளைந்த கால். பந்து அந்தக் கால்களுக்குள் பூனைக்குட்டி மாதிரி அடங்கிப் படுத்தது. யூட்டைக் காட்டி, இவனுக்கு ஏன் ஒருத்தரும் கொடுக்கிறீர்கள் இல்லை என்று கேட்டார். அவருடைய டெனிஷும் எங்களுடையதைப் போலவே உடைந்த டெனிஷ். அதனால் எங்களுக்குள் நன்றாக விளங்கியது. நடுவில் ஒரு டெனிஷ்காரர் நின்றிருந்தால் அவருக்குத்தான் ஒன்றும் விளங்கியிராது.

தேவண்ணை நெளிந்து நெளிந்து ஊர் விவகாரத்தைச் சொன்னார். கிழவர் ஆச்சரியப்படவில்லை. தான் சின்ன வயதில் விளையாடிய புடாபெஸ்டில் இது தெருவுக்குத் தெரு இருந்தது என்றார். பிறகு ஒவ்வொருத்தனாகக் கூப்பிட்டு ஊர்ப் பெயரைக் கேட்டு, வாய்க்குள் மென்று மென்று பாடமாக்கினார். அன்றோடு எங்களுக்குப் பெயர் இல்லாமல் போய்விட்டது. "நவாலி! பேசாலே!" என்று கத்துவார். நவாலி பந்தைப் பேசாலைக்குக் கொடுக்கவேண்டும் என்று பொருள். நவாலி நவாலிக்கே கொடுத்தால் முழு அணியும் மேட்டைச் சுற்றி ஓடவேண்டும். எனக்கு ஒரே வசனம்தான்: "அலவெத்தி, கோட்டை விட்டு வெளியால வா." பந்து வரும்போது முன்னே பாய்ந்து பிடிக்காமல் கோல்கோட்டில் ஒட்டிக்கொண்டு நிற்பது என் வியாதி. டென்மார்க்கின் யூட்லாந்துக் குளிர்காற்றில் ஒரு ஹங்கேரிக்காரர் எங்கள் ஊர்களை ஒவ்வொன்றாகக் கூவுவார். நாய் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். இலை உதிரத் தொடங்குமுன் பந்து யூட்டிடம் போய்ச் சேரத் தொடங்கிவிட்டது. நாங்கள் வெல்லவும் தொடங்கினோம். வெல்வது எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அவர் பெயர் லாயோஷ். அது சொந்தப் பெயரா தகப்பன் வழிப் பெயரா என்று கேட்டோம். தங்கள் நாட்டில் குடும்பப் பெயர்தான் முன்னுக்கு வரும், வெளிநாட்டுப் படிவம் எல்லாவற்றிலும் தான் தலைகீழாகத்தான் நிற்கிறேன் என்றார். அதே தலைகீழ் வாழ்க்கை எங்களுக்கும் இருந்ததால் மேற்கொண்டு ஆராயாமல் "மாஸ்டர்" என்று வைத்துக்கொண்டோம்.

மாஸ்டர் போருக்கு முந்திய புடாபெஸ்டில் இடது விங்கில் ஓடியவர். முழங்கால் போனபிறகு ஓட்டம் நின்றது, பயணம் நிற்கவில்லை. இத்தாலி, இஸ்தான்புல், அலெக்சாந்திரியா, கடலைத் தாண்டி லீமா, திரும்பி இந்தப் பக்கம். எங்கும் பயிற்சியாளர். எந்த அணி வென்றது, எது தோற்றது என்று சொல்லமாட்டார். தந்த சாமானைத்தான் சொல்லுவார். இஸ்தான்புல்லில் வெள்ளித் தட்டு. அலெக்சாந்திரியாவில் சுவர் மணிக்கூடு. இத்தாலியில் தன் உயரத்துக்குப் பூ. லீமாவில் ஒரு கம்பளமும் பாண்ட் வாத்தியமும். அதெல்லாம் இப்போது எங்கே என்று கேட்டால், வாடகைக்கு இருந்த வீட்டுக்காரிகளிடம் விட்டுவிட்டு வந்தேன் என்று சிரிப்பார். அவரிடம் இருந்தது ஒரு மண்ணிற சூட்கேஸ் மட்டும். ஒரு டெனிஷ் கிழவியின் வீட்டில் மேல்மாடி அறை. அங்கே பல்ப் மாற்றப் போன யூட் வந்து சொன்னான்: "மாஸ்டர் அலுமாரியை ஒருநாளும் திறக்கேல்லை. பெட்டியாலதான் சீவிக்கிறார்."

ஐப்பசிக் குளிரோடு அவர் ஹம்பர்க் ரயில் எத்தனை மணிக்கு என்று இரண்டு மூன்று பேரிடம் கேட்டார். எங்களுக்குக் கலக்கம் பிடித்தது. அடுத்த கோடையில் பக்கத்து நகரமான பிரெடெரிசியாவில் தமிழ்க் கழகங்களின் சுற்றுப்போட்டி இருந்தது. அதைவிட, அவர் போனால் பந்து திரும்பவும் நவாலிக்கே போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும், நவாலிப் பெடியளுக்கும்தான். தேவண்ணை வீட்டில் கூட்டம் போட்டோம். அவர் எழும்பி நின்று பேசினார்.

"அந்தாளுக்கு எல்லா நாட்டிலயும் மரியாதை செய்திருக்கினம். தட்டு, மணிக்கூடு, பூ. நாங்கள் என்னத்தைச் செய்தனாங்கள்? ஒரு தேத்தண்ணி ஒழுங்காக் குடுத்தமோ? மனுசனுக்கு மனம் விட்டுப்போச்சு. பொன்னாடை போத்துவம். நிப்பார்."

ஒருத்தரும் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? எங்கள் ஆட்களில் பொன்னாடை போர்த்தப்பட்ட மனிதன் அதற்குப் பிறகு அசையமுடியாது. அடுத்த வருட நிர்வாகசபையிலும் அவர் இருந்தே ஆகவேண்டும்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் விழா. பொன்னாடை லண்டனிலிருந்து யாரோ சொந்தக்காரர் மூலம் வந்தது. தேவண்ணையின் மனைவி கடையில் கார்னேஷன் பூ வாங்கி மாலை கட்டினா. தேவண்ணை வாழ்த்துமடலைச் செந்தமிழில் வாசித்தார். சூரியன், இமயம், கலங்கரைவிளக்கம் எல்லாம் அதில் வந்துபோயின. மாஸ்டருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் எல்லாம் விளங்கியதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். முடிவில் எழும்பி ஒவ்வொருத்தனின் தலையிலும் கை வைத்து அவனவன் ஊரைச் சொன்னார். நவாலி. பாசையூர். பேசாலே. அலவெத்தி. கண் கலங்கியிருந்தது. தேவண்ணை என் காதுக்குள், "ஆள் மடங்கீட்டார்" என்றார்.

மறுநாள் காலை வீட்டுக்காரக் கிழவி தேவண்ணைக்கு ரெலிபோன் எடுத்தா. மாஸ்டர் பெட்டியோடு புறப்பட்டுவிட்டார் என்று. ஸ்டேஷனுக்குக் கிட்ட இருந்தவன் நான். சைக்கிளும் என்னிடம் இருந்தது. வைலேயின் சரிவுகள் தெரிந்தவர்களுக்கு, சரியாகப் பிரேக் பிடிக்காத சைக்கிளில் நான் எப்படி இறங்கியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

மேடையில் சூட்கேஸின் மேல் உட்கார்ந்திருந்தார். ஓவர்கோட்டுக்கு மேலே பொன்னாடையைக் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார். ஜரிகை காலை வெயிலில் மின்னியது. எங்கள் உடைந்த டெனிஷை என் தமிழில் தருகிறேன்.

"வடிவாச் செய்தீங்கள்" என்றார். "கனக்க இடத்தில என்னை அனுப்பியிருக்கினம். தட்டைத் தந்து, மணிக்கூட்டைத் தந்து. இவ்வளவு வடிவா ஒருத்தரும் அனுப்பேல்லை."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வெள்ளித் தட்டும் மணிக்கூடும் இத்தாலிப் பூவும் எல்லாம் வேலையிலிருந்து நிறுத்திய நாள்களில் கையில் கொடுத்தவை. அவருடைய தொழிலில் பூ என்றால் அதுதான்.

"அனுப்பேல்லை மாஸ்டர்" என்றேன். "நிக்கச் சொல்லித்தான் செய்தது."

"பூப் போட்டு நிக்கச் சொல்லுறதோ?"

"எங்கட ஆக்கள் அப்பிடித்தான்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். பக்கத்தில் நின்ற பெண்மணி தள்ளிப்போய் நின்றார். ரயில் வந்து நின்றது. ஏன் ரயில் நேரம் கேட்டீர்கள், போகத்தானே இருந்தீர்கள் என்று கேட்டேன். அது பழக்கம், எந்த ஊரிலும் கேட்டு வைத்துக்கொள்வேன் என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"போன கிழமைதான் என்ர அறைக்குக் கர்ட்டின் போட்டனான்."

திரும்பி வாருங்கள் என்று பெட்டியின் பிடியைப் பிடித்தேன். அவரும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு மெதுவாக என் கையை எடுத்துவிட்டார். பெட்டியைப் பூட்டினால் தன் கால் தன் சொல் கேட்காது என்றார். ஏறிக் கதவில் நின்று, "அலவெத்தி, கோட்டை விட்டு வெளியால வா" என்றார். கதவு மூடிக்கொண்டது.

அடுத்த சனிக்கிழமையே நவாலி நவாலிக்குக் கொடுத்தது. வசந்தம் வருமுன் கழகம் இரண்டாகி, பிறகு மூன்றாகி, மூன்றுக்கும் தலைவர்கள் கிடைத்தார்கள். பிரெடெரிசியாவுக்கு நாங்கள் பார்வையாளராகப் போனோம். யூட் ரொறொன்ரோ போய்விட்டான். அங்கே ஒரு பூங்காவில் பைப் புகைக்கும் கிழவரைக் கண்டதாக ஒருமுறை போன் எடுத்தான். இன்னொருத்தன் நோர்வேயில் கண்டான். அவருக்கு நூறு வயது தாண்டியிருக்கவேண்டிய காலத்திலும் அவரை நாங்கள் நாடு நாடாக அனுப்பிக்கொண்டுதான் இருந்தோம். போகத் துடித்தவர்கள் எல்லோரும் போனார்கள். நான் மட்டும் இன்னும் கோல்கோட்டில் நிற்கிறேன்.

பூவை மனைவி சாடியில் வைத்திருக்கிறா. சப்பாத்துப் பை இன்னும் கார் டிக்கியில்தான் கிடக்கிறது. திங்களும் செவ்வாயும் வேலைக்குப் போனேன், லொக்கரில் திருப்பி வைக்கக் கை வரவில்லை.

நேற்று மகளோடு அந்த மேட்டுப் பக்கம் போனேன். மைதானம் இல்லை. பெரிய களஞ்சியசாலை, லொறிகள் வரிசையாக நிற்கின்றன. காற்று அடித்தது, டீசல் மணத்தது, பெப்பமின்ற் இல்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு, என்ன நினைத்தேனோ, "நவாலி! பேசாலே!" என்று கத்தினேன். லொறிச் சாரதி ஒருவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று மகள் டெனிஷில் கேட்டாள்.

"பந்து வைச்சிருக்கிறவனை" என்றேன்.