துடைப்பத்தோடு போன சாக்கு

நாள் நட்சத்திரம் பார்ப்பவர்களைக் கிண்டல் செய்தே பத்திரிகைகளில் பக்கம் நிரப்பியவன் நான். வீடு மாறும்போது ஒரு துடைப்பத்துக்குப் பயந்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டை விட்டு, சுள்ளிக்கல்லில் இரண்டாம் மாடிக்குப் போனோம். “பழைய துடைப்பம் புது வீட்டுக்கு வரக்கூடாது” என்றாள் மனைவி. நான் படித்தவனல்லவா, சாஸ்திரத்தை விரிவுபடுத்தினேன். துடைப்பம் ஆகாதென்றால் கால்மிதி ஆகாது; கால்மிதி ஆகாதென்றால் எங்கள் நாய் படுக்கும் சாக்கு மட்டும் எப்படி ஆகும்? மூன்றையும் பழைய வாசலில் போட்டுவிட்டு, நாய்க்கு வட்டமாக ஒரு மெத்தை வாங்கினேன்.

குட்டியாய் வந்த நாள்முதல் அந்த மிளகுச் சாக்கில்தான் அது தூங்கியது. இப்போது கிழடு, இரண்டு கண்ணிலும் புரை.

புது வீட்டில் பால் பொங்கியபோது எல்லோரும் அடுப்பைப் பார்த்தார்கள். நாய் சுவரோரமாக மோந்துகொண்டே சுற்றியது. மெத்தையைத் தாண்டிப் போய்க் கதவடியில் உட்கார்ந்தது. சோறு தொடவில்லை. “பழகிடும்” என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன். சிலிண்டர் வந்த காலையில், திறந்திருந்த கதவு வழியே அது போய்விட்டது.

தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருந்தபோது, எங்கள் சாமான் ஏற்றிய பெட்டி ஆட்டோக்காரர் போன் செய்தார்.

“சேட்டா, உங்க பட்டி, அந்தக் கிழட்டு நாய், இங்கன பழைய வீட்டு வாசல்ல கெடக்கு. பன்னு போட்டேன், திங்கலை. தரையையே மோந்துட்டிருக்கு.”

சாக்கைக் குப்பைக்காரர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். அது கிடந்த இடத்தில் நாய் சுருண்டு படுத்திருந்தது. என் குரல் கேட்டு வாலை ஒருமுறை தரையில் அடித்தது, எழவில்லை. கிடங்கில் கெஞ்சி வேறொரு மிளகுச் சாக்கு வாங்கிவந்து விரித்தேன். மோந்து பார்த்தது. எழுந்து, நகர்ந்து, மறுபடி வெறுந்தரையில் படுத்தது.

தூக்கிக்கொண்டு வந்தேன். ஆடி மாதத்துக் கர்க்கடக மழை விடும்வரைகூட அது இருக்கவில்லை.

புதைத்துவிட்டு வந்து, ஈரக் காலோடு மனைவியிடம் சத்தம் போட்டேன். “எல்லாம் உன் சாஸ்திரம்!”

அழுது வீங்கிய முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

“நான் துடைப்பத்தை மட்டுந்தானே சொன்னேன்?”