பெங்களூரில் கை நனைத்த கதை

எங்கள் ஊரிலிருந்து, என் மகள் விரும்புகிற பையனின் ஊரான விளாத்திகுளத்துக்கு ஒரு மணி நேர பஸ்தான். அதை விட்டுவிட்டு, ராத்திரி முழுக்க ரயிலில் போய் பெங்களூரில்தான் அந்தப் பையனின் அப்பா அம்மாவைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்களும் அதே ரயில். கோவில்பட்டி ஸ்டேஷனில் அவர்களைக் கண்டதும் என் வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் மகளும் அந்தப் பையனும் பெங்களூரில் ஒரே ஆபீஸ். சாதி வேறு. ஒரு வருஷமாக இரண்டு வீட்டு ஆம்பளைகளும் பிடிகொடுக்கவில்லை. யார் வீட்டுக்கு யார் போனாலும் இறங்கிவந்ததாக ஆகிவிடுமாம். அதனால் பிள்ளைகள் யோசித்துப் பிடித்த பொது இடம், ஸ்பெயின் சாப்பாடும் ஒயினும் விற்கிற ஒரு கடை. பட்டப்பகலில் உள்ளே இருட்டு. நாற்காலியில் ஏறி உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. ஐம்பத்தைந்து வயசில் இது எனக்குத் தேவையா என்று எரிச்சல் வந்தது.

"இதுக்குப் பேரு தபாஸும்மா. குட்டித் தட்டுல வரும், எல்லாரும் எடுத்துச் சாப்பிடணும்" என்றாள் மகள்.

வந்தது. உப்பில் ஊறிய பச்சைக் காய், சிவப்புக் குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு, தக்காளி தேய்த்த ரொட்டி. அப்பாக்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் தொட்டால்தான் இவர் தொடுவாராம். தட்டு காலியாகாமல் அடுத்த தட்டு வைக்க இடமில்லை. பரிமாறுகிறவர் பாவம், மறுபடி மறுபடி ஒயின் அட்டையை நீட்டினார். என் வீட்டுக்காரர் அதைத் தள்ளிய வேகத்தைப் பார்த்தால், ஜென்மத்தில் அந்த வாசனையே அறியாதவர் என்று நினைப்பீர்கள்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. சோறில்லாமல் அப்பாவுக்கு ஆகாதே என்று மகள் சோறும் சொல்லியிருந்தாள். அகலமான சட்டியில், இறால் போட்ட மஞ்சள் சோறு நடுவில் வந்து உட்கார்ந்தது. எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவாகும் முன் காப்பி குடிக்கலாம், பலகாரம் தொடலாம், சோற்றில் கை நனைக்க மாட்டோம். நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். பெங்களூர் போன பிள்ளைக்கு அது எங்கே ஞாபகம் இருக்கும்?

"எங்களுக்கு வேண்டாம். வரும்போதே சாப்பிட்டுட்டோம்" என்றார் பையனின் அப்பா.

"நாங்களும்தான்" என்றார் என்னவர். இரண்டும் பச்சைப் பொய். காலையிலிருந்து யார் வயிற்றிலும் காப்பியைத் தவிர ஒன்றுமில்லை.

மகளின் முகம் சுண்டிப்போனது. ஒரு வருஷமாக போனில் அவள் அழுததைக் கேட்டவள் நான். இவர்கள் இருவரும் கேட்டதில்லை. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. சட்டியை என் பக்கம் இழுத்து, கரண்டி நிறைய அள்ளி என் தட்டில் போட்டேன்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்று பல்லைக் கடித்தார் என் வீட்டுக்காரர்.

"கண்ணு தெரியலையா? சாப்பிடுதேன்."

அள்ளி வாயில் வைத்தேன். அரிசி நறுக்கென்றிருந்தது. எதிரே பையனின் அம்மா, காலையிலிருந்து என்னை உறவுமுறை சொல்லிக்கூடக் கூப்பிடாதவர், தன் புருஷனைப் பார்க்காமலே தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கும் கொஞ்சம் வைங்க, மதினி."

மகள் கைத்துண்டில் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் அழுகை முட்டியது. வாய் நிறையச் சோறு இருந்ததால் முழுங்கிவிட்டுத்தான் அழ முடிந்தது.