அழாமல் பிரிக்கத் தெரிந்தவள்

உல்லாசக் கப்பலில் அவளுக்குப் பெயர் கதவக்கா. சிறுவர் மன்றத்தின் இடுப்புயரக் கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டு, வருகிற பிள்ளைகளின் மணிக்கட்டில் பட்டை கட்டி, அறை பிரித்து அனுப்புவது அவள் வேலை. சின்னதுகளுக்கு மஞ்சள், நடுத்தரங்களுக்குப் பச்சை, பெரியதுகளுக்கு நீலம். நிறத்துக்கு ஓர் அறை. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே தட்டில் தின்று வளர்ந்ததுகளாக இருந்தாலும் கப்பல்காரனுக்கு வயசுதான் கணக்கு.

அண்ணனும் தங்கையும் கையைக் கோத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். பின்னால் பெற்றவர்கள், காலில் நீச்சல்குளத்துச் செருப்பும் முகத்தில் அவசரமுமாக. இவர்கள் விடுமுறைக்கு வருவதே பிள்ளைகளிடமிருந்து விடுமுறை எடுக்கத்தான். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? "கொஞ்ச நேரந்தான் செல்லம், அம்மா இதோ வந்துர்றேன்" என்று மழுப்புவார்கள். கோத்த கையைப் பிரிக்கிற இடத்தில்தான் தகராறு. சில பிள்ளைகள் கப்பலே கவிழ்கிற மாதிரி கத்தும்.

ஆனால் கதவக்கா பிரித்தால் கத்தாது. அவளிடம் ஒரு வித்தை இருந்தது. பெரியதிடம் ஒரு டப்பாவைக் கொடுப்பாள், இரண்டு கையாலும் பிடித்தால்தான் தூக்க முடிகிற டப்பா. "நீதானே பெரியவன், இத உள்ள மிஸ்கிட்ட குடு பாக்கலாம்" என்பாள். பெரியவன் என்ற ஒரு வார்த்தை போதும், பையன் நெஞ்சை நிமிர்த்திவிடுவான். கோத்த கை தானாக விட்டுப்போகும். சின்னது திரும்பிப் பார்ப்பதற்குள் அதன் கையில் சோப்பு நுரை ஊதுகிற குழல் இருக்கும். இடையில் யாரும் டாட்டா மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் எல்லாம் போச்சு.

சில பெற்றோர் விட மாட்டார்கள். "ரெண்டையும் சேத்தே போடுங்களேன்" என்று கெஞ்சுவார்கள். அதற்கும் கப்பலில் ஒரு விதி உண்டு. பெரியது கீழே இறங்கி வரலாம், சின்னது மேலே ஏறக் கூடாது. பச்சை அறையில் கத்தரிக்கோலும் பாசிமணியும் இருக்கும், சின்னது எதையாவது விழுங்கி வைத்தால் யார் பொறுப்பு? ஆகவே சேர்ந்திருக்க வேண்டுமென்றால் பெரியதுதான் மஞ்சள் பட்டையைக் கட்டிக்கொண்டு குட்டி நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார வேண்டும். நியாயமா என்று கேட்டால், விதிக்கும் நியாயத்துக்கும் எப்போதுதான் ஒத்துப்போயிருக்கிறது!

கதவக்காவுக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பெண், ஒன்பது வயது. இளையவன் பையன், நாலு முடியப் போகிறது. கணவன் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒருநாள் சரக்கு இறக்கப் போன இடத்தில், ஸ்டியரிங்கில் தலை சாய்த்தவன் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறான் என்று நினைத்து வெகுநேரம் யாரும் எழுப்பவில்லையாம். அதன் பிறகு அவள் குழந்தைகள் காப்பகத்தில் பார்த்த வேலையின் சம்பளம் வாடகைக்கும் காணவில்லை. கப்பலில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் வந்துவிட்டாள்.

பிள்ளைகளை எங்கே விடுவது? அவள் அக்காவுக்குக் குழந்தை இல்லை, ஆசையாகத்தான் கேட்டாள். ஆனால் அக்கா வீட்டுக்காரருக்கு ராத்திரி வேலை, பகலெல்லாம் தூங்க வேண்டும், வீடோ தீப்பெட்டி. "ஒண்ணுன்னா சமாளிச்சுருவேன்டி, ரெண்டுன்னா என்னால ஆகாது" என்றாள். சின்னவன் அங்கே போனான். பெரியவள் கதவக்காவின் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே இரண்டு பெண்கள் இருந்ததால், ஒரு மெத்தையை இழுத்துப் போட இடம் கிடைத்தது. பிரிக்கிற அன்றைக்குப் பெரியவளிடம் ஒரு பையைக் கொடுத்து, "நீதானே பெரியவ, இத மாமா வண்டியில வை" என்றாள் அம்மா. அவள் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அக்கா சின்னவனைத் தூக்கிக்கொண்டு தெருமுனை தாண்டிவிட்டாள். யாரும் அழவில்லை. கப்பலில் எல்லோரும் மெச்சுகிற வித்தையை அவள் முதலில் செய்து பார்த்தது அங்கேதான்.

வந்த புதிதில் தினமும் அழுதாள். பிறகு அது நின்றுபோனது. எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல ஆகிவிட்டது மனசு. தொட்டால் தொடுவது தெரியும், தன் கன்னம் என்று தெரியாது. கப்பலின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், சலவைப் பிரிவில் வேலை பார்க்கிற ஒருத்தியோடு அடுக்குக் கட்டிலில் படுப்பாள். எழுந்து வந்து பட்டை கட்டுவாள். போன விடுப்பில் ஊருக்குப் போனபோது சின்னவன் அவளைப் பார்த்து அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அதற்கும் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பிள்ளை வளர்ந்திருக்கிறான், கன்னத்தில் சதை போட்டிருக்கிறான் என்று மட்டும் பார்த்தாள்.

இந்தப் பயணம் புறப்படுகிற அன்று அக்கா போன் செய்தாள். சுற்றி வளைக்கிற பழக்கம் அக்காவுக்குக் கிடையாது.

"பள்ளிக்கூடத்துல சேக்கணும்டி. அவன எங்க பேர்லயே எழுதிரலாம்னு நெனைக்கிறோம். வக்கீல வச்சு, முறைப்படி. என்னை அம்மான்னுதான் கூப்புடுறான், நான் சொல்லிக் குடுக்கல, தானாவே வந்துருச்சு. இனிமே நடுவுல கொண்டு போய் வேற எங்கயாவது விட்டா புள்ள தாங்குமா, நீயே சொல்லு."

"யோசிச்சுச் சொல்றேன்க்கா."

"கப்பல் திரும்பி வந்ததும் சொல்லிரு. அதுக்குமேல பள்ளிக்கூடத்துல எடம் வச்சிருக்க மாட்டாங்க."

அன்று அறைக்கு வந்து சலவைக்காரியிடம் சொன்னாள். அவள் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்து, "குடுத்துருவியா?" என்றாள்.

"அவன் அங்க அழலையே" என்றாள் கதவக்கா. அவளுக்குத் தெரிந்த அளவுகோல் அது ஒன்றுதான். அழாத பிள்ளை நன்றாக இருக்கிற பிள்ளை. மனசுக்குள் சரி என்று சொல்லியாகிவிட்டது, அக்காவிடம் சொல்வதுதான் பாக்கி.

அந்தப் பயணத்தில் ஒரு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அவனுக்கு எட்டு, அவளுக்கு நாலு. அவர்களின் அம்மா கதவின் மேல் சாய்ந்துகொண்டு, "அண்ணன விட்டா இவ ஒரு நிமிஷம் இருக்க மாட்டாங்க. சேத்தே வைங்க, ப்ளீஸ்" என்றாள். பையனிடம் கேட்டதற்கு, "சரி" என்று மஞ்சள் பட்டைக்குக் கையை நீட்டினான்.

அண்ணனை விட்டு இருக்க மாட்டாள் என்று அம்மா சொன்னவள், அறைக்குள் பந்துகளைக் கொட்டி வைத்த பந்துக்குளத்தைப் பார்த்ததும் தொப்பென்று குதித்தாள். அதற்குப் பிறகு அண்ணன் என்று ஒருத்தன் இருப்பதே அவளுக்கு நினைவில்லை. அவன் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து பந்துகளையே பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் அறையில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற பாட்டு மிஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, இந்தப் பையன எதுக்கு இங்க கட்டிப் போட்டிருக்கோம்? பச்சையில ரோபோ செய்றாங்க, அங்கயாவது விடுங்க."

நியாயம்தான். கதவக்கா அவனைக் கூப்பிட்டுப் பச்சைப் பட்டை கட்டி, டப்பாவைக் கையில் கொடுத்தாள். போனான். தங்கை தலையைக்கூடத் திருப்பவில்லை. சுத்தமான வேலை என்று நினைத்துக்கொண்டு அடுத்த பிள்ளையைப் பார்த்தாள்.

சற்று நேரத்தில் அவன் திரும்பி வந்து நின்றான்.

"அழுறாளா?"

"இல்லடா கண்ணு, நல்லா வெளையாடுறா. நீ போய் ரோபோ செய்."

போனான். மறுபடி வந்தான். மறுபடி அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது தடவை வந்தபோது கேள்வி மாறியிருந்தது.

"என்னைக் கேக்கவே இல்லையா?"

"கேக்கல. நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றான். போகவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாதிரி ஆனது. அழுகை இல்லை, அழுகை என்றால் அவளுக்கு வழி தெரியும். உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து யாரோ எழுந்திருக்கச் சொன்ன மாதிரி ஒரு முகம். "நான் இங்கயே நிக்கிறேன்" என்றான். பச்சை அறையில் கைதட்டிச் சிரிக்கிற சத்தம் கேட்டது, அவன் அசையவில்லை. அவன் அம்மா ஈரத் தலையோடு வரும்வரை அங்கேயே நின்றான்.

அவள் வந்ததும் முதலில் கேட்டது, "அழுதாளா?"

"இல்லங்க."

"அப்பாடா! பயந்துக்கிட்டே இருந்தேன்." சின்னவளைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டு நடந்தாள். பையன் பின்னால் போனான். அவனைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, அவன்தான் பெரியவன் ஆயிற்றே.

கதவக்கா கையில் பட்டைச் சுருளோடு நின்றாள். இந்தக் கதவில் நின்ற இத்தனை காலத்தில் ஒரு தடவையாவது பெரியதுகளைத் திரும்பிப் பார்த்தோமா என்று யோசித்தாள். பார்த்ததில்லை. டப்பாவைக் கொடுத்ததோடு சரி. மகள் நினைவுக்கு வந்தாள். ஆரம்பத்தில் ஒவ்வொரு போனிலும், "தம்பி என்னைக் கேட்டானாம்மா?" என்பாள். "இல்லடி, அவன் அழவே இல்ல, ஜாலியா இருக்கான்" என்று ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி இவள் சொல்வாள். பிறகு அந்தப் பெண் கேட்பதை நிறுத்திவிட்டாள். பக்குவம் வந்துவிட்டது என்று இவளும் நினைத்துக்கொண்டாள்.

கப்பல் கரைக்கு வந்த அன்று, பயணிகள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு இறங்குகிற சத்தத்துக்கு நடுவே, ஊழியர்கள் சாப்பிடுகிற கூடத்தின் மூலையில் நின்றுகொண்டு அக்காவிடம் பேசுவதற்கு முன்னால் மகளைப் போனில் கூப்பிட்டாள். பெரியம்மா கேட்டதைச் சொன்னாள்.

"சரிம்மா" என்றாள் மகள்.

"சரின்னா?"

"குடுத்துரு. அவன் அங்க நல்லாத்தானே இருக்கான். அழலைல்ல."

அது தன்னுடைய குரல். தான் இழுக்கிற இடத்தில் இழுத்து, தான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்திய குரல். ஒன்பது வயதுப் பிள்ளையின் தொண்டையில் அதைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்ப நான் அவனுக்கு என்ன வேணும்மா?"

"பெரியம்மா புள்ளன்னாலும் தம்பிதானே. நீ அக்காதான்."

"ஆமால்ல. எனக்கு ஒண்ணும் மாறாது. நீதான் சித்தி ஆயிருவ." யாருக்கோ கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொன்னாள். "அவன் இப்பவே அப்படித்தான் சொல்றான். போன வாரம் பெரியம்மா போன அவன்கிட்ட குடுத்தாங்க. எங்க சித்தி பெரிய்ய கப்பல்ல இருக்காங்களேன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"ஆமாடா, இருக்காங்கன்னேன்."

"சித்தி இல்லடா, அம்மான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா கொழம்பி அழுவான்ல. எதுக்கும்மா அவன அழ வைக்கணும்."

அவளுக்கு வலித்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, எங்கே வலிக்கிறது என்று கைவைத்துக் காட்டுகிற மாதிரி வலித்தது. இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"நீ அழுதியாடி?"



"எந்தத் தடவம்மா?" என்றாள் மகள்.

அதற்குப் பிறகு மகளிடம் என்ன பேசினோம் என்று அவளுக்கு நினைவில்லை. அடுத்து அக்காவைக் கூப்பிட்டாள்.

"எழுத வேணாம்க்கா. நான் எறங்கி வர்றேன். பெரியவளையும் கூட்டிக்கிட்டு வந்து அவனக் கூட்டிட்டுப் போறேன்."

"வந்து என்னடி பண்ணுவ? சோத்துக்கு என்ன பண்ணுவ?"

"தெரியல. ஏதாவது காப்பகத்துல வேல கெடைக்காமலா போயிரும்."

"அவன் வரமாட்டான்டி." அக்காவின் குரல் உடைந்தது. "உன்னைத் தெரியாது, அவ மொகத்தையும் மறந்துட்டான். என் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுவான். பாக்க உன்னால முடியாது."

"அழட்டும்க்கா. மூணு பேரும் ஒரே எடத்துல உக்காந்து அழுதுக்குறோம்."

அக்கா போனை வைக்கவில்லை. அழுகிற சத்தம் மட்டும் வந்தது. அதை நிறுத்த கதவக்கா எதையும் சொல்லவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டே நின்றாள்.