மிஸ்டர் கோவிந்தசாமி லைனில் இருக்கிறார்

கணக்கு எழுதிப் பிழைக்கும் எங்கள் தொழிலுக்கு முதல் போட வேண்டியதில்லை, அடுத்தவர் பயமே போதும்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் என் ஆபீஸ். சுற்றியிருக்கும் சின்னக் கடைக்காரர்களுக்கு வரிப் படிவம் நிரப்பித் தருகிறேன். ரசீது கேட்டால் "நாளைக்கு லா" என்பார்கள். நானும் பதினாறு வருஷமாக போன் போட்டு ஒரே பாட்டைத்தான் பாடுவேன்: "இன்னிக்கே முடிங்க. அப்புறம் அபராதம், கோர்ட்டுன்னு வந்தா என்கிட்ட அழக்கூடாது." வரி என்றாலே உங்களுக்கும் பயமா? அப்படியானால் நாமெல்லாம் ஒரே கட்சி.

வராத பணம்

பார்லர் நடத்தும் ராஜமணி அக்காவுக்கு ஒரு மெசேஜ். வரிப் பணம் திரும்பி வருகிறதாம், லிங்க்கைத் தட்டினால் போதுமாம். பாசிர் ரிஸ் வீட்டிலிருந்து ரயிலில் வரும்போதே தட்டி, கார்டு நம்பரையும் கொடுத்துவிட்டார். பேங்க்கிலிருந்து ஆறு இலக்க நம்பர் வந்ததும், அதை எங்கே போடுவதென்று கேட்க நேராக என்னிடம் வந்தார். "அக்கா, வரி ஆபீஸ் திருப்பித் தந்தா பேங்க் கணக்குல தானா விழும். கார்டு நம்பர் எதுக்கு?" என்று கத்திவிட்டு, பேங்க்கைக் கூப்பிட வைத்து கார்டை முடக்கினோம்.

"கவர்மெண்டு நமக்குத் திருப்பித் தருதேங்கிற சந்தோஷத்துல கண்ணு தெரியல லா!" என்றார் அக்கா.

சட்டைப் பையில் ஒரு ஆபீஸர்

ஒரு மத்தியானம் தையல் கடை முருகேசன் அண்ணன் படியேறி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. உதட்டில் விரலை வைத்து, சட்டைப் பையிலிருந்த போனைக் காட்டினார். என் மேசையிலிருந்த பேப்பரை இழுத்து எழுதினார்: "வரி ஆபீஸர் லைன்ல இருக்கார். பேசாதீங்க. அப்பா வச்ச பாக்கி. மக படிப்புக் காசை அவங்க சொல்ற கணக்குக்கு மாத்தணும். இல்லேன்னா சாயந்திரம் அரெஸ்ட். போன வருஷப் பேப்பர் குடுங்க." மகள் அடுத்த மாதம் யூனிவர்சிட்டி போகிறாள். அந்தக் காசு அவர் தைத்துத் தைத்துச் சேர்த்தது.

பையிலிருந்து குரல் வந்தது. "மிஸ்டர் கோவிந்தசாமி, ஆர் யூ தேர்?"

தூக்கிவாரிப்போட்டது எனக்கு. கோவிந்தசாமி இவருடைய அப்பா, செத்துப் பதினெட்டு வருஷமாகிறது. அடையாள அட்டையில் "முருகேசன் சன் ஆஃப் கோவிந்தசாமி" என்றிருக்கும். நம் பேருக்குப் பின்னால் வருவது அப்பா பேர் என்று இந்த ஊர் ஆபீஸருக்குத் தெரியாதா என்ன? எங்கேயோ உட்கார்ந்திருக்கிற எவனோ அதைக் குடும்பப் பேர் என்று நினைத்துக் கூப்பிடுகிறான். இந்த மனுஷனோ, காய்கறிக் கடை வைத்திருந்த அப்பா ஏதோ பாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், மகன் கட்டாமல் யார் கட்டுவது என்று நம்பிவிட்டார்.

போனைப் பிடுங்கி அணைத்தேன். "ஐயோ மேடம், போச்சு!" என்று நாற்காலியில் சரிந்தார். சொன்னால் வெட்கம், அடுத்த நிமிஷமே எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. ஒருவேளை நிஜ ஆபீஸராக இருந்துவிட்டால்? பெண்ணைப் பெற்றவரை ஜெயிலுக்கு அனுப்பிய பாவம் எனக்கல்லவா? படியில் காலடி கேட்டது. இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டோம். வந்தவர் கீழ்க்கடையிலிருந்து டீ கொண்டு வந்த ஆள்.

பழைய வரிக் கடிதத்தை எடுத்து, அதில் அச்சடித்திருந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். பாக்கி எதுவும் இல்லையாம், யாரும் கூப்பிடவும் இல்லையாம். காசும் கணக்கில் அப்படியே இருந்தது. அண்ணன் தேம்பித் தேம்பி அழுதார். பயம் தெளிந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "முன்னப்பின்ன தெரியாதவனை எப்படிண்ணே நம்புனீங்க?" என்றேன்.

"அவன் உங்கள மாதிரியேதான் மேடம் பேசினான். இன்னிக்கே முடிங்க, அப்புறம் அபராதம், கோர்ட்டுன்னு."

பேர் சொல்லுங்க

அன்றோடு அந்தப் பாட்டை நிறுத்தினேன். இப்போது வேறு பாட்டு: லிங்க் வந்தால் தட்டாதீர்கள், அவசரப்படுத்தினால் போனை வையுங்கள், யாரிடமும் சொல்லாதே என்று ஒருவன் சொன்னால் முதல் வேலையாக யாரிடமாவது சொல்லுங்கள். இந்த வருஷம் ரசீது கேட்டு முருகேசன் அண்ணனைக் கூப்பிட்டேன். வரி என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது.

"நீங்க யாரா வேணா இருங்க. மொதல்ல என் பேர் என்ன, சொல்லுங்க பாப்போம்."

பதினாறு வருஷம் ஊரைப் பயமுறுத்திப் பிழைத்தவள், இப்போது வாய் தவறி அவர் அப்பா பேரைச் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்து பயந்துதான் போனையே எடுக்கிறேன்.