மாமி ஒட்டி வைத்த ரயில்

போன வாரம் பாறசாலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது செருப்பின் வார் பிய்ந்துவிட்டது. பஸ்ஸும் போய்விட்டது. கடைத்திண்டில் உட்கார்ந்து செருப்பு தைக்கிறவர் ஊசியை எடுக்கவே இல்லை. சின்னக் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு பசை விட்டு, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிசம் அனங்காம நில்லுங்க" என்றார். பசையின் நெடி கண்ணில் ஏறியது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு நான் சிரித்துவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த நெடி வந்தால் எனக்குப் பனி விழுந்த ரயில் ஒன்று ஞாபகம் வரும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம். இன்றைக்கும் பஸ் போய்விட்டது, அடுத்ததற்கு அரை மணி நேரம் இருக்கிறது.

கல்யாணமாகி வந்த வீடு பாறசாலைக்கும் பெருங்கடவிளைக்கும் நடுவில், ரப்பர் தோட்டத்துக்குள். பஸ் இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு மஸ்கட்டில் ஏசி வேலை. கிறிஸ்துமஸுக்கு வருவார், இரண்டு வாரம் இருப்பார், போய்விடுவார். மிச்ச ஐம்பது வாரமும் வீட்டில் நானும் மாமியும்தான். மாமி என்றால் மாமியார். எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

நான் ஐ.டி.ஐ. படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் நெய்யாற்றின்கரையில் ஒரு சர்வீஸ் சென்டரில் மிக்சி, இண்டக்சன் அடுப்பு, டிவி போர்டு எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் சால்டரிங் அயர்ன் இல்லாவிட்டால் எனக்குப் பொழுது நகராது. பெண் பார்க்க வந்தபோது, "வேலைக்குப் போலாம், அதுக்கென்ன" என்று சொன்னவர் மாமிதான். வந்த பிறகும் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. "போலாம் மக்கா, ஆரு வேண்டாம்னா? இந்த மழை கழியட்டு" என்பார். மழை கழிந்தால் லெந்து காலம், நாற்பது நாள் உபவாசம். லெந்து முடிந்தால் சபையில் கன்வென்சன். அது முடியும்போது திரும்பவும் மழை வந்துவிடும். கேரளத்தில் மழைக்கா பஞ்சம்?

மாமி கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். மாமி எனக்கு மீனின் நடுத்துண்டை எடுத்து வைப்பார். தலைவலி என்றால் காப்பி போட்டுத் தருவார். ஆனால் நான் சபைக்கோ ரேசன் கடைக்கோ போய்விட்டு வரும்போதெல்லாம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்கு முன்னால் வருகிற ஆட்டோவைக்கூட எட்டிப் பார்ப்பார். "வீடுன்னா ஆளு வேணும் மக்கா" என்பது அவருடைய ஒரே பேச்சு. எனக்கு மூச்சு முட்டியது. நாலு பக்கமும் ரப்பர் மரம், எந்த ஜன்னலைத் திறந்தாலும் வரிசை வரிசையாக அதே மரம். ஒன்றிரண்டு தடவை குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

இந்த வீட்டுக்குள்தான் ரயில் வந்தது. கல்யாணம் கழிந்த முதல் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்காரர் ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்தார். பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அமுக்கிச் செய்கிற கிறிஸ்துமஸ் ரயில். சிவப்பும் பச்சையுமாய் ஒரு எஞ்சின், பரிசுப் பொட்டலங்கள் ஏற்றிய ஒரு வண்டி, ஆள் உட்காருகிற ஒரு பெட்டி, வட்டமாய் தண்டவாளம். ஹாலில் சம்மணம் போட்டு மூன்று நாள் உட்கார்ந்து கட்டினார். மாமி கட்டைகளை நிறம் பார்த்து முறத்தில் பிரித்து வைத்தார், அரிசியில் கல் பொறுக்குகிற அதே கவனத்தோடு. அது தானாக ஓடாது, விரலால் தள்ள வேண்டும். அவர் போன பிறகு மரத்தையும் ஸ்டாரையும் எடுத்தோம். ரயிலை எடுக்க மாமி விடவில்லை. மாமனார் படத்துக்குக் கீழே மேசையில் அது வருசம் முழுக்க நின்றது. வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பி குடிப்பதற்கு முன் அதைப் பார்த்தாக வேண்டும். "எனக்க மோனுக்க கைவேலையாக்கும்" என்பார்.

தூசி துடைத்தால் ஒரு கட்டை கழன்று விழும். எடுத்து மாட்டினால் இடம் மாறிவிடும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவர் வீடியோவில் வந்து, "எம்மா, புகைக்குழல் எங்க?" என்று கேட்பார். மாமிக்கு அன்றைக்கு ராத்திரி முழுவதும் மனசு சரியிருக்காது. ஒரு நாள் நான் ரேசன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், கேட்டில் ஆளில்லை. பயந்துபோய் உள்ளே ஓடினேன். மாமி மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். வாளி, கண்ணாடி, செருப்பு, எது உடைந்தாலும் எங்கள் ஊரில் ஒட்டுகிற அந்தப் பசை, மூன்று குப்பி காலியாகிக் கிடந்தது. ரயில் முழுக்க ஒட்டியாகிவிட்டது. சக்கரத்தையும் விடவில்லை. தண்டவாளத்தையும் துண்டுக்குத் துண்டு சேர்த்தாகிவிட்டது. தொப்பி போட்ட குட்டி டிரைவரை இருக்கையோடு சேர்த்து ஒட்டியிருந்தார். மாமியின் கையிலும் மூன்று விரல் ஒன்றாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

தேங்காய் எண்ணெய் போட்டு விரலைப் பிரித்துக்கொண்டே சொன்னேன். "மாமி, இது களத்திக் களத்தி மாட்டுறதுக்கு உள்ளது. ஒரு வருசம் ரயில், அடுத்த வருசம் வேற ஒண்ணு. அதுக்குத்தான் இவ்வளவு கட்டை."

மாமியின் முகம் வெளுத்துவிட்டது. "அவன்கிட்ட சொல்லிராத மக்கா" என்றார்.

பசை காய்ந்த இடமெல்லாம் வெள்ளைவெள்ளையாய்ப் பூத்திருந்தது. சாயங்காலம் போனில் அதைப் பார்த்த மகன், "அட, பனி விழுந்தது மாதிரி இருக்கே! என்ன போட்டிய?" என்றார். "பவுடராக்கும்" என்றார் மாமி. தினமும் வேதம் வாசிக்கிறவர், அவ்வளவு சட்டென்று பொய் வரும் என்று நான் நினைக்கவில்லை.

நவம்பரில் சபைக்காரர் ஒருவர் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது அவர் கையில் வீட்டுக்காரர் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். ரயிலுக்கு மோட்டார், பாட்டரிப் பெட்டி, வயர். "இந்தத் தடவ நான் வரும்போ ரயிலு ஓடணும். ஒனக்கு இதெல்லாம் சும்மா. நாலு கட்டையக் களத்தி உள்ள வச்சா தீந்துது. பத்து நிமிச வேலை" என்றார் போனில். மாமி அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே வாரம் என் பழைய முதலாளி கூப்பிட்டார். பாறசாலையில் கிளை திறக்கிறார், ஜனவரியில் ஆள் வேண்டும், கிறிஸ்துமஸுக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு பெண்ணை எடுத்துவிடுவார். இனி இப்படி ஒரு வாய்ப்பு, அதுவும் பஸ் நேரே போகிற இடத்தில், வராது. என் புத்தி எப்படிப் போயிற்று என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. மாமி தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"நான் ரயில ரெடியாக்கித் தாறேன். பசை காரியம் உங்க மோனுக்குத் தெரிய வராது. ஆனா எனக்க வேலைக் காரியத்த நீங்களே அவியகிட்ட சொல்லணும்."

மாமி தேங்காய் ஓடு வரைக்கும் திருவினார். பிறகு, "செரி" என்றார்.

பத்து நிமிச வேலை இருபது நாள் பிடித்தது. முதலில் நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரைத் தொட்டுப் பார்த்தேன். பசை அப்படியே இருந்தது, சக்கரம் இளகிப்போயிற்று. அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் இன்றுவரை நொண்டல் உண்டு. பிறகு ஹாக்சா பிளேடை எடுத்தேன். மாமி பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார், நான் கூரையை அறுப்பேன். அறுக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஆபரேசன் தியேட்டரில்கூட யாரும் அப்படி ஜெபம் பண்ணியிருக்க மாட்டார்கள். அச்சில் ஏறியிருந்த பசையைச் சூடு பண்ணிய ஊசியால் குத்திக் குத்தி எடுத்தேன்.

அப்படி ஒரு மத்தியானம், கண்ணை மூடியபடியே மாமி சொன்னார். "பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஜெபம் முடிஞ்சாச்சு. ஒரு காப்பி குடிச்சிட்டு போலாம்னு இருந்தேன். அந்த நேரத்துலயாக்கும் உங்க மாமா கிணத்தடியில விழுந்து கிடந்தது. காப்பி குடிக்காம வந்திருந்தா ஆளு உயிரோட கிடைச்சிருக்கும்."

நான் பிளேடை நிறுத்தவில்லை. ஆனால் கேட்டில் நிற்கிற மாமியை அதற்குப் பிறகு என்னால் முன்பு போல எரிச்சலோடு பார்க்க முடியவில்லை. என் காரியத்தை விடவும் முடியவில்லை.

கூரையை அறுத்த கோட்டைப் பஞ்சு ஒட்டி மறைத்தேன். வளைவில் பெட்டி சாய்ந்தது, உள்ளே ஆறு பழைய நட்டுகளைப் போட்டதும் நேராய் நின்றது. பனி நாட்டு ரயிலை மாமி மெல்ல மெல்ல நம்மூருக்குக் கொண்டுவந்துவிட்டார். கிறிஸ்துமஸ் குடிலான புல்கூட்டுக்கு முளைக்கப் போட்ட கேழ்வரகில் பாதியைத் தண்டவாளத்துக்கு நடுவில் வயலாக வைத்தார். அட்டைப்பெட்டியில் ஒரு ஸ்டேசன் செய்து, மலையாளம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் பாறசாலை என்று என்னை எழுத வைத்தார். பெட்டியில் 'பெண்கள்' என்று ஒரு போர்டு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், ஏறியிருந்ததோ தொப்பிக்கார ஆண் பொம்மைகள் மட்டும்தான். முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் ரயில் நொண்டிக்கொண்டே வயலைச் சுற்றி ஓடியது. பிளாஸ்டிக் தண்டவாளத்தில் கரகரவென்று சத்தம். மாமி கைதட்டினார்.

வீட்டுக்காரர் வந்தார். ரயிலைப் பார்த்துக் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். "பத்து நிமிசம்னு சொன்னேனா இல்லியா?" என்றார். நான் மாமியைப் பார்த்தேன். மாமி முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். மறுநாளும் பார்த்தேன். அன்றைக்கு அச்சப்பம். நாள்கள் போய்க்கொண்டிருந்தன, மாமி வாயைத் திறக்கவில்லை. என்னை ஏமாற்றிவிட்டார் என்று முடிவு பண்ணிக்கொண்டேன். நானே கேட்டிருக்கலாம்தான். இரண்டு வாரத்துக்கு வருகிறவரிடம் எந்த நாளைக் கெடுப்பது?

இருபத்திநாலாம் தேதி இருட்டுகிற நேரத்துக்கு, வீடு வீடாய்ப் பாடி வருகிற கேரல் ரவுண்டு வந்தது. டிரம், கிறிஸ்துமஸ் தாத்தா, சபை வாலிபர்கள், ஹால் நிறைய ஆள். ரயில் ஓடுகிறது, எல்லோரும் போனில் படம் பிடிக்கிறார்கள். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "இது வெறும் ரயிலு இல்லடே. இப்பம் இதையே லாரி ஆக்கிக் காட்டுதேன் பாரு" என்று எஞ்சினைத் தூக்கி, மேல் கட்டையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. நகத்தை விட்டு நெம்பினார். அசையவில்லை. முகம் சிவந்துவிட்டது. டிரம் அடிக்கிறவன் அடிப்பதை நிறுத்திவிட்டான்.

"இழுக்காத லே" என்றார் மாமி. "நான் ஒட்டிட்டேன்."

"எம்மா, இது ஒட்டுற சாமானமா?"

"எனக்குத் தெரியுமா? நீ வருசத்துல ரெண்டு ஆழ்ச்ச வாற. வச்சிட்டுப் போறது ஒண்ணாவது வச்ச மாதிரி இருக்கட்டுன்னு ஒட்டினேன்." எல்லோர் முன்னாலும் மாமி என் பக்கம் கையை நீட்டினார். "பத்து நிமிசம் இல்ல, இவ இருபது நாளு இருந்து அறுத்தாக்கும் இத ஓட வச்சா. இவ கையில தொழிலு உண்டு. ஜனவரியில பாறசாலையில வேலைக்குப் போறா. நான் செரின்னு சொல்லியாச்சு."

"அப்பம் பகல்ல உங்களுக்கு ஆரு துணை?" என்றார் மகன்.

"எனக்கென்ன, கண்ணு தெரியாதா, காலு நடக்காதா?" என்று சொல்லிவிட்டு, கேரல்காரர்களுக்குக் காப்பி எடுக்கப் போய்விட்டார். பின்னாலேயே போய் நானும் டம்ளர் அடுக்கினேன். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஜனவரியிலிருந்து ஒன்பதரை பஸ் எனக்கு. எவ்வளவு சந்தோசம் என்று சொல்லத் தெரியவில்லை. சால்டரிங் புகைகூட மணத்தது. சாயங்காலம் வந்தால் மாமி கேட்டில் நிற்பார். முன்பு போல எரிச்சல் இல்லை. அன்றைக்கு வந்த மிக்சிகளின் கதையைச் சொல்லிக்கொண்டே உள்ளே போவோம்.

ஒரே ஒரு தொந்தரவு, ரயிலின் பாட்டரி நிற்காது. ஞாயிற்றுக்கிழமை புதிது போட்டால் புதன்கிழமை தீர்ந்திருக்கும். எங்கோ கரண்டு லீக் ஆகிறது என்று நினைத்தேன். ஊர்ச் சாமான் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறவள் வீட்டுச் சாமானை விடலாமா? சுவிட்சை மாற்றினேன். வயரை மாற்றினேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன், லீக் இல்லை. "மாமி, இதுல என்னமோ கோளாறு உண்டு, கண்டுபிடிக்க முடியல" என்பேன். "மெதுவா பாரு மக்கா, என்ன அவசரம்" என்பார். நாலு வருசம் இப்படியே போயிற்று.

போன மழைக்காலத்தில் மாமியைக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு வாரம்தான், மாமி போய்விட்டார். அடக்கம் முடிந்து ஆட்கள் போன பிறகு, மதிலுக்கு அந்தப் பக்கம் மரங்களுக்குள் இருக்கிற வீட்டு சரோஜம் அக்கா மட்டும் என்னோடு இருந்தார். ரயிலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்.

"நீ பஸ்ஸு ஏறப் போன உடனே இதுக்க சத்தம் கேக்கும் பிள்ளே. நீ வாற நேரம் வரைக்கும் ஓடும். எதுக்கு அக்கா இதுன்னு கேட்டேன். வீட்டுல ஆளு இருக்க மாதிரி இருக்குன்னு சொன்னாவ. அவகிட்ட சொல்லிராத, வேலைய விட்டுருவான்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாவ."

இப்போது கேட்டை நானே பூட்டி, நானே திறக்கிறேன். எத்தனை மணிக்கு வந்தாலும் கேட்க ஆளில்லை. அந்த வீட்டை விட்டு வெளியே போனால் போதும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன். உள்ளே இருந்து ஒருவர் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்ததும் அந்த வெளியே போவதோடு சேர்ந்ததுதான் என்று அப்போது தெரியவில்லை. மாமி போன பிறகு ரயிலுக்குப் புது பாட்டரி போட்டேன். மாதம் ஏழாகிறது, இன்னும் தீரவில்லை.